படத்தில் சிலுவை டாலரோடு இருந்தவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் சர்ஃபிங், அதாவது பலகையில் நின்று அலையேறப் பழகும் மீனவப் பிள்ளைகளைப் பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை வந்தது. நன்றாக இருந்தது, எங்கள் பையன்கள் அதை வெட்டி போர்டு வைக்கும் கொட்டகையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரமே அதைக் கண்டித்து ஒரு வாசகர் கடிதம் வந்ததே, அதற்குத்தான் இந்தப் பதில். கழுத்தில் சிலுவையைப் போட்டுக்கொண்டு பூசை நேரத்தில் பலகையில் ஆட்டம் போடுகிறார்கள், வயசுக்கு வந்த பிள்ளைகளையும் கூட இறக்கிவிடுகிறார்கள், இவர்கள் எல்லாம் கிறிஸ்தவர்களா, கடல் ஒருநாள் கணக்குக் கேட்கும் என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தில் சிலுவை டாலர் போட்டிருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்த படம்தான், மறுக்கவில்லை.

முதலில் பூசை விஷயத்தை முடித்துவிடுகிறேன். அதிகாலையில் கரையிலிருந்து கடலைப் பார்த்து நிலக்காற்று வீசும். அந்தக் காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும், அலை உடனே கவிழாமல் சுவர் மாதிரி நின்று ஒரு பக்கமாக உரிந்துகொண்டே போகும். ஒன்பது, பத்து மணிக்குக் கடல்காற்று ஏறிவிட்டால் எல்லாம் குழம்பி, கலக்கிவிட்ட தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அதனால் சர்ஃபிங் செய்பவனுக்கு நாளில் கிடைப்பதே காலை ஐந்தரை முதல் ஒன்பது வரைதான், அது ஞாயிறானாலும் திங்களானாலும். ஞாயிறு பூசைக் கடமையைச் சனிக்கிழமை மாலைப் பூசையிலேயே நிறைவேற்றலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. நான் சனிக்கிழமை மாலை போகிறேன். எல்லா வாரமும் போகிறேன் என்று சொன்னால் பொய், பாதிக்கு மேல் போகிறேன். கடிதம் எழுதியவர் சனிக்கிழமை மாலைக் கோவிலுக்கு வந்திருந்தால் கடைசி பெஞ்சில், தலையில் உப்புக் காயாமல் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேரைப் பார்த்திருப்பார்.

சரி, இது சின்ன விஷயம். என்னை உறுத்தியது அந்தக் கணக்கு. கடல் கணக்குக் கேட்கும் என்றாரே, அது.

எனக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். பிழைப்புக்காகத்தான் இந்தப் பக்கம் வந்து சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது, அது ஊர்க் கட்டுப்பாடு, மீறினால் அபராதம் உண்டு. 2004 டிசம்பர் 26 என்ன கிழமை என்று கடிதம் எழுதியவருக்கு ஞாபகம் இருக்கிறதா? ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் கோவிலுக்குள் இருந்தேன், கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையையே இரண்டாம் நாளும் போட்டுக்கொண்டு. என் சித்தப்பா முதல் பூசையையே கண்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு, கரையில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலுக்குப் போகாத நாளில் வேறு என்ன செய்வார்? தண்ணீர் வந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். மூன்றாம் நாள் தென்னந்தோப்பில் கிடைத்தார். அன்றைக்கு ஆழ்கடலில் நின்ற படகுக்காரர்கள் பலருக்கு, கீழே ஒன்று கடந்து போனதே தெரியவில்லை. ஆழத்தில் சுனாமி அலைக்கு உயரம் கிடையாது, கரை நெருங்க நெருங்கத்தான் எழும்பும். அதாவது சித்தப்பா ஊர்க் கட்டுப்பாட்டை மீறி ஞாயிறன்று கடலுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார்.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது? கோவிலுக்குள் இருந்ததால் நான் பிழைத்தேன், ஆண்டவர் காப்பாற்றினார் என்று வருஷக்கணக்காக என்னை ஜெபக் கூட்டங்களில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். ஒருமுறை சொன்னேன். சித்தி எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார், தலையைத் தூக்கவே இல்லை. அதற்கப்புறம் நான் எங்கேயும் சாட்சி சொல்லப் போனதில்லை.

அப்புறம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பெலவேந்திரர் என்று சொல்லும் அந்திரேயாவின் திருநாள், அவரும் மீன் பிடித்தவர்தான். ஜெபமாலை சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் கடலுக்குப் போனார்கள். படகின் முகப்பில் மாதா படம் ஒட்டாத படகு எங்கள் பக்கம் இருக்கிறதா என்ன? திரும்பி வராதவர்கள் எத்தனை பேர், உடல்கூடக் கிடைக்காமல் வெறும் படத்தை வைத்துப் பூசை வைத்த வீடுகள் எத்தனை! அந்த வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு கடல் கணக்குக் கேட்கும் என்று அவர் சொல்வாரா?

இதே கணக்கை வேறு மாதிரிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் எங்கள் ஆட்கள், அதனால் சொல்லக் கொஞ்சம் சங்கடம். கிறிஸ்தவ சர்ஃபர் என்றாலே எல்லோரும் சொல்வது பெத்தானி ஹாமில்டன் கதைதான். ஹவாயில் காவாய் தீவுப் பெண். 2003 அக்டோபர் 31, வயது 13. காலையில் தோழியோடு போர்டில் படுத்திருந்தபோது புலிச்சுறா வந்து இடது கையைத் தோளோடு கொண்டுபோய்விட்டது. தோழியின் அப்பா போர்டைக் காலோடு பிணைக்கும் கயிறான லீஷை எடுத்து இறுக்கிக் கட்டிக் கரை சேர்த்தார். உடம்பு ரத்தத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு மாதம் முடிவதற்குள் ஒற்றைக் கையோடு மறுபடி தண்ணீரில் இறங்கினார். 2016இல் ஃபிஜியில் நடந்த உலகப் போட்டியில், அதுவரை ஆறு முறை உலக சாம்பியனாகியிருந்த ஸ்டெஃபனி கில்மோரையும், அந்த ஆண்டு சாம்பியன் ஆன டைலர் ரைட்டையும் தோற்கடித்து மூன்றாம் இடம். இதெல்லாம் நடந்தது, எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. ஆனால் ஜெபக் கூட்டங்களில் இந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது? விசுவாசம் இருந்தது, அதனால் பிழைத்தாள், ஜெயித்தாள், ஆமென். அப்படியானால் சித்தப்பாவுக்கு விசுவாசம் போதவில்லையா?

பெத்தானி கதையில் எனக்குப் பிடித்த இடத்தை யாரும் சொல்வதில்லை. சுனாமிக்குப் பிறகு வேர்ல்ட் விஷன் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவன ஆட்களோடு அவர் தாய்லாந்தில் புக்கெட்டுக்குப் போனார். அங்கே கடலைப் பார்த்தாலே அலறும் பிள்ளைகள். அவர்களோடு கரையில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் கூட்டிப்போய் போர்டில் ஏற்றினார். கடல் தன்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று அந்தப் பிள்ளைகளுக்கு அவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை, தோளைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பிள்ளைகள் எப்படி இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சுனாமிக்கப்புறம் ஆறு வருஷம் நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. மீனவன் மகன்! ராத்திரி அலைச்சத்தம் கேட்டால் காதில் தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டு படுப்பேன். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், பாட்டிதான், “மக்களே, கடலு அங்கதான கெடக்கு, நாமதான போவணும்” என்பார். கடைசியில் என்னைத் தண்ணீருக்குள் கூட்டிப்போனது எங்கிருந்தோ வந்த ஒருவருடைய பழைய ஃபோம் போர்டு. மீன் பிடிக்கப் போ என்றால் போயிருக்கவே மாட்டேன். விளையாட்டாக இருந்ததால் போனேன். விளையாட்டு என்பதே ஏதோ தேவையில்லாத விஷயம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்து அந்தப் பெண்பிள்ளைகள் விஷயம். எங்களிடம் வருகிற பிள்ளைகள் ராஷ் கார்டு என்கிற உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை லெக்கின்ஸும் போட்டுத்தான் இறங்குகிறார்கள், ஒழுக்கத்துக்காக இல்லை, வெயிலுக்கும், வழுக்காமல் இருக்கப் போர்டில் தேய்க்கும் மெழுகு உரசித் தோல் போகாமல் இருக்கவும். பையன்களும் அதையேதான் போடுகிறார்கள். ஆனால் அவர் கடிதத்தில் இருந்த குரல் எனக்குப் புதிதில்லை. 1820இல் அமெரிக்காவிலிருந்து மிஷனரிகள் ஹவாயில் வந்து இறங்கினார்கள். அங்கே அலையேறுவது ராஜா முதல் சாதாரண ஜனம் வரை, ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்த காரியம், வழிபாடும் அதோடு கலந்திருந்தது. வந்தவர்களின் கண்ணுக்கு முதலில் பட்டது உடம்பில் துணி இல்லை என்பது. அந்த மிஷனரிகளில் முக்கியமானவர் ஹைரம் பிங்கம், 1847இல் எழுதிய புத்தகத்தில் அலைப்பலகை வழக்கொழிந்து போனதைக் குறிப்பிடுகிறார். அடக்கமும் உழைப்பும் பக்தியும் வளர்ந்ததுதான் அதற்குக் காரணமாக இருக்கலாம், நாங்கள் யாரும் தடை போடவில்லை என்கிறார். அடக்கம் வளர்ந்ததாம்! அந்தக் காலத்தில் கப்பல்கள் கொண்டுவந்த அம்மையிலும் காய்ச்சலிலும் ஹவாய் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள், 1890 வாக்கில் அந்த மண்ணின் மக்கள் 40,000 பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள். அலையேற ஆள் ஏது? நான் கிறிஸ்தவன், அந்த மிஷனரிகளும் கிறிஸ்தவர்கள், இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இருநூறு வருஷம் கழித்து அதே வாக்கியம் உங்கள் பத்திரிகையில் தமிழில் வந்திருக்கிறது.

இன்னொன்று, இதை வெள்ளைக்காரன் விளையாட்டு என்றும் எழுதியிருந்தார். என் அப்பா மரத்தில் போனவர். கட்டுமரத்தைத்தான் எங்கள் ஊரில் மரம் என்போம். கரை பிடிக்கும்போது அலை உடையும் இடத்துக்கு வெளியே நிறுத்தி, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, பெரிய அலைகளைப் போகவிட்டு, தனக்கான ஒன்று வந்ததும் துடுப்பை இரண்டு இழு இழுத்து அதன் மேலேயே ஏறிக் கரையில் வந்து மண்ணைத் தொடுவார். மீன்கூடை நனையாது. நான் வகுப்பில் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பதும் இதையேதான்.

சரி, அப்படியானால் கிறிஸ்தவ சர்ஃபர் என்பவன் யார், சிலுவை எதற்கு என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் 1970களின் கடைசியில் கிறிஸ்டியன் சர்ஃபர்ஸ் என்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள். கோவிலுக்குப் போகிறவனைக் கடற்கரைப் பையன்கள் நம்புவதில்லை, கடற்கரைப் பையனைக் கோவில்காரர்கள் சேர்ப்பதில்லை என்ற நிலைமை அங்கேயும் இருந்திருக்கிறது, நடுவில் பாலம் போடுவதுதான் அவர்கள் வேலை. இப்போது பல நாடுகளில் இருக்கிறார்கள். நல்லதுதான். என்னைக் கேட்டால், விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்பது அலைக்காகக் காத்திருக்கும் அந்த இடத்தில்தான் தெரியும், கரையில் மண்டியிட்டுப் படம் எடுத்துப் போடுவதில் தெரியாது. நானும் போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். அலை முதலில் உடையும் இடத்துக்கு யார் மிகக் கிட்டே இருக்கிறாரோ, அந்த அலை அவருடையது. ஒரு அலைக்கு ஒருவர். அவர் ஏறிவிட்டால் மற்றவர்கள் கையை எடுத்துவிட வேண்டும். குறுக்கே இறங்கினால் அது திருட்டு, அதைவிட, ஆபத்து. இதைக் கண்காணிக்க நடுவர் கிடையாது, போலீஸ் கிடையாது. அரை மணி நேரம் காத்திருந்து ஒன்று வரும், உள்ளே பதினைந்து பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் அதே அலைதான் வேண்டும். பிறனை நேசி என்பது கோவிலில் கேட்க ரொம்பச் சுலபமாக இருக்கும்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு காலை. நல்ல அலை, நான் வழக்கம்போல நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு இறங்கினேன். குப்பத்துப் பையன் ஒருவன், பதினான்கு வயது இருக்கும், எனக்கு உள்பக்கமாக, அலை உடையும் இடத்துக்கு என்னைவிடக் கிட்டே இருந்தான். காலையிலிருந்து ஒன்றும் கிடைக்காமல் காத்துக்கொண்டிருந்தான். அன்றைய பெரிய அலை வந்தது. அவனுடையது, சந்தேகமே இல்லை, அவன் எழுந்தும்விட்டான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். பையன்தானே, விலகுவான் என்று நினைத்தேன். கரையில் என்னிடம் படிக்க வந்தவர்கள் கேமராவோடு நின்றிருந்தார்கள், அதுவும் ஒரு காரணம். அவன் என் மேல் மோதாமல் இருக்கப் பின்னால் குதித்தான், அவன் போர்டு சுழன்று வந்து அதன் அடியில் இருக்கும் கூரான ஃபின் அவன் கெண்டைக்காலிலேயே கிழித்தது. ஐந்து தையல். ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். அவன் என்னைத் திட்டவில்லை. “அண்ணே, அது என் அலை” என்று மட்டும் ஆட்டோவில் இரண்டு தடவை சொன்னான்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், செய்த பாவத்தைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க. (கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி குருவானவருக்குத்தான், எனக்கு இல்லை.) ஃபாதருக்கு நீச்சலே தெரியாது. அலையைத் திருடினேன் என்றதும், அலையை எப்படித் திருட முடியும் என்று கேட்டார். கூண்டுக்குள் முழங்காலில் நின்றபடி கையை வைத்து அலை எந்தப் பக்கம் உடையும், யார் எங்கே நிற்பார்கள் என்று பத்து நிமிஷம் விளக்கினேன், பின்னால் வரிசையில் நின்ற அம்மாக்கள் செருமத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, பரிகாரமாக அருள்நிறைந்த மந்திரம் எத்தனை சொல்வாரோ என்று பார்த்தால், அந்தப் பையனுக்குப் பத்து அலை கொடு என்றார். எந்த அலையாவது இல்லை, உனக்கே வேண்டும் என்று தோன்றுகிற அலையாகப் பத்து. உன்னுடையதாக இருக்கிற அலையை, நீ ஏறாமல் அவனைக் கூப்பிட்டுக் கொடு என்றார். நீச்சல் தெரியாத மனுஷன்!

இது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தால்தான் தெரியும்.

ஞாயிறு காலையில் நாங்கள் தண்ணீரில் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்னையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வருவது அன்றைக்குத்தான். அலை உடையாமல் அமைதியாக ஒரு இடம் தெரியும், பாதுகாப்பு என்று நினைத்து அங்கே இறங்குவார்கள். அமைதியாக இருப்பதற்குக் காரணமே, கரையில் ஏறிய தண்ணீர் எல்லாம் அந்தப் பள்ளம் வழியாகத் திரும்பக் கடலுக்குள் ஓடுவதுதான். இழுவை. நல்ல நீச்சல்காரன்கூடக் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் முழுகுகிறான், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி நீந்தினாலே பல நேரம் அதைவிட்டு வெளியே வந்துவிடலாம். இதுவரை நானும் எங்கள் பையன்களும் இழுத்துப் போட்டவர்களை எண்ணி வைக்கவில்லை. ஒருவனை மட்டும் மறக்க முடியாது, போர்டில் ஏற்றியதும் என் டாலரைப் பிடித்துக்கொண்டான், கரை வரும்வரை விடவில்லை, சங்கிலி கழுத்தில் அறுத்துவிட்டது. அவன் பெயர் அப்துல்லாவோ ஏதோ சொன்னான்.

சர்ஃப் போர்டு உயிர் காக்கும் கருவி என்று உலகம் கண்டுகொண்டது 1925இல். ஜூன் 14ஆம் தேதி கலிபோர்னியாவில் கொரோனா டெல் மார் என்ற இடத்தில் தெல்மா என்ற படகு பெரிய அலையில் கவிழ்ந்தது. பதினேழு பேர் இறந்தார்கள், பன்னிரண்டு பேர் பிழைத்தார்கள், அந்தப் பன்னிரண்டில் எட்டுப் பேரைத் தன் மரப்பலகையில் போய்ப் போய் எடுத்து வந்தவர் டியூக் கஹானமோக்கு, ஒலிம்பிக் நீச்சல் தங்கம் வாங்கிய ஹவாய்க்காரர். அவருக்கப்புறம் எடி ஐகாவ். ஹவாயில் வைமேயா கடற்கரையின் உயிர்க்காப்பாளர், நூற்றுக்கணக்கான பேரைக் காப்பாற்றியவர். 1978 மார்ச்சில் ஹோகுலேயா என்ற பாய்க்கலம் நடுக்கடலில் கவிழ்ந்தபோது, கூட இருந்தவர்களுக்கு உதவி கொண்டுவர ஒற்றை சர்ஃப் போர்டில் கையாலேயே துடுப்புப் போட்டுக்கொண்டு லனாய் தீவை நோக்கிப் போனார். கூட இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். அவர் கிடைக்கவே இல்லை. நண்பர்களுக்காக உயிரைக் கொடுக்கிற அன்பைவிடப் பெரிய அன்பு இல்லை என்று யோவான் நற்செய்தியில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போர்டு கண்ணில் வரும். கடல் அவரிடமும் கணக்குக் கேட்டதா?

ஆசிரியர் அவர்களே, கேட்பதற்கு எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கடற்கரைப் பங்குகளில் ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு வாசிப்பார்கள், திருமண ஓலை, நன்கொடை, அன்பியக் கூட்டம் எல்லாம் வரும். அதோடு ஒரு நிமிஷம், இழுவை எப்படி இருக்கும், மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் நீந்த வேண்டும் என்பதையும் வாசிக்கலாம். வேளாங்கண்ணி மாதிரி வெளியூர் ஜனம் வந்து கடலில் இறங்குகிற இடங்களில் கட்டாயம் வாசிக்கலாம். உங்கள் பத்திரிகையை நிறைய குருக்கள் படிக்கிறார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். கடிதம் எழுதிய ஐயாவுக்கும் ஒரு அழைப்பு. ஒரு ஞாயிறு எங்கள் பக்கம் வாருங்கள், ஒன்பதரைக்குக் காற்று மாறியதும் கரையேறிவிடுவோம், கரி போட்டு மீன் சுடுவோம், சங்கரா கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். தண்ணீரில் இறங்கச் சொல்லமாட்டேன்.

அந்தப் பையன் இப்போது என்னைவிட நன்றாக ஏறுகிறான். அவனுக்கு இதுவரை ஏழு அலை கொடுத்திருக்கிறேன். ஒன்பது என்றுதான் நான் எண்ணி வைத்திருந்தேன், இரண்டு சின்ன அலை, அது செல்லாது என்கிறான்.

இப்படிக்கு,
சனிக்கிழமைப் பூசைக்காரன் ஒருவன்,
கிழக்குக் கடற்கரைச் சாலை